தண்ணீர் விரித்த குடை

கோலியனூர்க் கல்யாணம் ஒன்றின் படத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, மணப்பெண்ணின் முகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளை எடுத்துவிடு என்றார் என் வீட்டுக்காரர். புள்ளிகளை எடுப்பதுதான் அப்போது என் வேலை. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் எங்கள் ஸ்டூடியோ, அதன் பின்கட்டில் வீடு. அவர் படம் எடுப்பார். கழுவுவதும் அச்செடுப்பதும் இரண்டு பேருமாக. முகப்பரு, அம்மைத்தழும்பு, தூங்காத கண்ணுக்குக் கீழே படியும் கருமை, இவற்றையெல்லாம் நெகட்டிவில் பென்சிலாலும் படத்தில் தூரிகையாலும் தொட்டுத் தொட்டு மறைப்பது நான் மட்டும். திண்டிவனத்தில் பிறந்து பள்ளி இறுதிவரை படித்தவள். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே ரீடச்சிங் என் கைக்கு வந்துவிட்டது. அவரைவிட என் கை நிதானம்.

மணப்பெண்ணின் அப்பா கடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு மூஞ்சில அம்ம போட்டா மாரி கீதுங்க. இத எப்பிடி சம்பந்தி ஊட்டுக்கு அனுப்பறது?"

அது அறுபதுகளின் தொடக்கம். பாண்டிச்சேரியை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து என் வீட்டுக்காரர் ஒரு எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வாங்கி வந்திருந்தார். அதுவரை ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்று எரித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இது அப்படியில்லை. தோளில் மாட்டிக்கொள்ளும் கனமான பேட்டரிப் பெட்டி. அதன் மூலையில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு. விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தலாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளிச்சம் வந்து போய்விடும். அந்த ஃபிளாஷோடு அவர் எடுத்த முதல் கல்யாணங்களில் ஒன்றுதான் கோலியனூர்க் கல்யாணம். வாசலில் யாரோ பன்னீர்ச் செம்பை உதறிய நேரமும் இவர் பொத்தானை அழுத்திய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தேன். அவை புள்ளிகளே இல்லை. பன்னீர்த் துளிகள். மணப்பெண்ணுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்று மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்திருந்தது. ஒன்று நடுவில் குழிந்து தொப்பி மாதிரி இருந்தது. கண்ணீர்த் துளி என்று நாம் வரைகிறோமே, மேலே கூராக, கீழே உருண்டையாக, அப்படி ஒன்றுகூட அதில் இல்லை.

சம்பந்தி வீட்டுக்குப் போகிற படத்தில் எல்லாத் துளிகளையும் மறைத்துக் கொடுத்தேன். அவர் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். அதே நெகட்டிவில் எனக்கென்று இன்னொரு படம் அச்செடுத்து, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தேன்.

அன்று முதல் எனக்கு வேறு நினைப்பில்லை. குழாயடியில் குடம் நிரம்பும்போதும், துணியைப் பிழியும்போதும், குழம்பில் புளித்தண்ணீர் ஊற்றும்போதும் பார்த்தேன். விழுகிற தண்ணீர் எல்லாம் வெறும் கோடாகத்தான் தெரிந்தது. விழுந்த இடத்தில் ஏதோ எழும்பி அடங்கியது. என்ன எழும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"ஏங்க, அந்த ஃபிளாஷ மத்தியானத்துல எங்கிட்ட குடுங்களேன்."

"எதுக்கு?"

"தண்ணி உழுவறத பாக்கணும்."

அவர் சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். "தண்ணிய படம் புட்ச்சி யாருக்கு விக்கப் போற?"

"விக்க இல்லீங்க. பாக்கத்தான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. யோசித்துச் சொன்னார். "பாரு. ஆனா கல்யாண நாளுக்கு மொத நாளு தொடாத. பேட்டரி எறங்கிப்போனா அப்பறம் பேஜாரு."

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு அவர் தூங்கப் போவார். அந்த நேரம் டார்க் ரூம் என்னுடையது. வெயில் கொளுத்துகிற நேரத்திலும் அதற்குள் கும்மிருட்டு. கோடையில் சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே சொட்டுப் பாத்திரம் தொங்கவிடுவார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பால் டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டேன். துளை வழியாக ஒரு நூலைத் தொங்கவிட்டேன். தண்ணீர் நூலைப் பிடித்து இறங்கி, நுனியில் திரண்டு, ஒரே சீராகச் சொட்டியது. கீழே படம் கழுவுகிற கறுப்புத் தட்டு நிறையத் தண்ணீர். சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, 'டொக்' என்று சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தினேன். ஒரு மின்னல். தட்டில் அலைவட்டம் மட்டும் தெரிந்தது.

இரண்டு மூன்று மத்தியானங்கள் அதுதான் நடந்தது. சத்தம் காதில் விழுந்து, விரல் அசைவதற்குள் தண்ணீர் தன் காரியத்தை முடித்துக்கொண்டு அடங்கிவிடுகிறது என்று புரிந்தது. காதை நம்பினால் எப்போதும் தாமதம்தான். அடுத்த துளி எப்போது விழும் என்று முன்னாலேயே தெரிய வேண்டும்.

ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டு என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்காள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிற வேலையில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். அதனால் அண்ணி பக்கத்துக் குச்சு வீட்டில் இருந்துகொண்டு எங்கள் வீட்டிலும் பாதி நேரம் இருப்பார். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது.

"இன்னாடி பண்ற உள்ள? தெனம் தண்ணி சொட்ற சத்தம் கேக்குது. குழாயில தண்ணி வர்றதே காலைல செத்த நேரம். அதையும் ஊத்திக்கினு கெடக்கற?"

"உள்ள வந்து கதவச் சாத்துங்க அண்ணி. தட்டையே பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இருட்டில் நான் பொத்தானை அழுத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பெட்டியின் பக்கம் திரும்பியிருந்தேன். அண்ணிதான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடியே! தண்ணி நின்னுச்சுடி! தூண் மாரி நின்னுச்சு! தலைல ஒரு குண்டு வச்சிக்கினு நின்னுச்சு!"

"நெசமாவா?"

"எங்கண்ணால பாத்தேன்டி. இன்னொருவாட்டி அழுத்து, ஜல்தி!"

ஜல்தியாக அழுத்த முடியாது, ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும். அது எரியும்வரை இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அடுத்த முறை ஒன்றும் நிற்கவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. ஆனால் அண்ணி கிளம்பவில்லை. அன்று சாயங்காலம் காபி போடக்கூட இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

வழி கண்டுபிடித்தவரும் அண்ணிதான். எங்கள் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் கும்மி அடித்தால் முதல் கை அவருடையது. அவர் தட்டினால் தெருவே அதற்குத் தட்டும்.

"நீ ஏன் சத்தத்த கேட்டுக்கினு நிக்கற? சொட்டு தாளத்துல உழுவுது. நான் கூடவே கை தட்றேன். நீ என் கைய கேளு. தட்டுக்குத் தட்டு அழுத்து."

தட்டினார். நாலைந்து துளி விழுவதற்குள் அவருடைய கையும் துளியும் ஒன்றாகிவிட்டன. கை தட்டுகிற அதே கணத்தில் அழுத்தினேன். தட்டில் விழுந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் கிண்ணமாக எழும்பி நின்றது. கைதட்டலுக்கு ஒரு மயிரிழை பின்னால் அழுத்தினேன். தூண் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி அழுத்தினால் தூணின் தலை கழன்று தனி முத்தாக அந்தரத்தில் நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணி தட்டுவதை நிறுத்தாமல், "இன்னா பாத்த, இன்னா பாத்த, சொல்லுடி" என்று கத்தினார். உலகத்தில் தண்ணீர் தோன்றிய நாளிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது. அதை விழுப்புரத்தில் இரண்டு பொம்பளைகள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

பார்த்தாகிவிட்டது. இனிப் பிடிக்க வேண்டும்.

கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் கேமராவால் அத்தனை பக்கத்தில் போக முடியாது. ஸ்டூடியோவில் துணி போர்த்தி நிற்கிற பெரிய மரக் கேமராவின் மடிப்பு மடிப்பான துருத்தியை முழுக்க இழுத்தால் முடியும். அதைக் கேட்டேன். என் வீட்டுக்காரரே ஒரு பக்கம் பிடித்து, டார்க் ரூமுக்குள் நகர்த்திக் கொடுத்தார். பரணில் நாள் கடந்துபோன, படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டி இருந்தன. முகம் எடுக்க ஆகாது. "இத வச்சிக்க. நல்ல தகட்ட மட்டும் தொடாத" என்றார்.

முதல் தகட்டில் ஒன்றுமே இல்லை. அடுத்ததில் ஒரு மங்கல். துளி விழுகிற இடத்தில் தட்டுக்குள் ஒரு தையல் ஊசியை நிறுத்தி, அதன்மேல் ஃபோகஸ் செய்து, பிறகு ஊசியை எடுத்துவிடக் கற்றுக்கொண்டேன். மங்கல் போனது. ஆனாலும் தண்ணீர் தெரியவில்லை. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அது தண்ணீருக்குள் புகுந்து போய்விடுகிறது. கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரிதான் அது. வெளிச்சத்தைப் பின்னால் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் ஃபிளாஷை வைத்தேன். இருட்டில் லென்ஸ் மூடியைக் கழற்றுவேன். அண்ணி தட்டுவார். அழுத்துவேன். மூடியைப் போடுவேன். அவ்வளவுதான் வேலை. அதைச் சரியாகச் செய்ய எங்களுக்கு ஒரு கோடை முழுக்க ஆனது.

தூண் படங்கள் கிடைத்தன. நன்றாகவே இருந்தன. பெட்டியில் கடைசியாகச் சில தகடுகளே மிஞ்சியிருந்தன. அன்று அண்ணியின் தாளம் நடுவில் தடுக்கியது.

"இன்னாடி இது, ரெட்ட ரெட்டயா உழுவுது?"

நானும் கேட்டேன். டொக்-டொக். கொஞ்சம் நிறுத்தி மறுபடி டொக்-டொக். டின்னை நிறுத்தலாமா என்று நினைத்தேன். ஆனால் மூடி ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. விரலும் பொத்தானில் இருந்தது. முதல் டொக்குக்கு அண்ணி கை தட்டினார். இரண்டாவதோடு நான் அழுத்தினேன்.

தகட்டைக் கழுவ ஆரம்பித்தேன். சிவப்பு வெளிச்சத்தில், தட்டிலிருந்த மருந்துக்குள் மெல்ல மெல்ல ஒரு உருவம் ஏறியது. தூணைத்தான் எதிர்பார்த்தேன். தூண் இருந்தது. அதன் தலைமேல் வட்டமாக, விளிம்பு லேசாகத் தொங்கி, விளிம்பெல்லாம் முத்துக் கோத்த மாதிரி ஒரு குடை விரிந்திருந்தது.

"அண்ணி" என்றேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். விரலை நீட்டி, விளிம்பு முத்துகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

பிறகுதான் காரணத்தைத் தேடினேன். டின்னிலிருந்து தொங்கிய நூல் நனைந்து நனைந்து முறுக்கிக்கொண்டு, நடுவில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. முடிச்சில் தண்ணீர் தேங்கி, துளிகள் சோடி சோடியாக இறங்கியிருக்கின்றன. முதல் துளி தூணை எழுப்புகிறது. அடுத்த துளி அந்தத் தூணின் தலையில் விழுந்து குடையாக விரிகிறது. வேண்டுமென்றே முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். பல தடவை வந்தது, சில தடவை வரவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிதாக அச்செடுத்து, ஈரம் காயுமுன்னே கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இது நம்ம டார்க் ரூம்லயா?"

"உங்க வேட்டிதான் பின்னால இருக்கறது."

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில், சுற்றுவட்டாரத்துப் படக்காரர்கள் சேர்ந்து ஐப்பசியில் ஒரு படக் கண்காட்சி வைக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. என்னைக் கேட்காமலே, கண்காட்சிக்கு முதல் நாள், அவர் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

சாயங்கால வண்டியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"மாட்டமாட்டேன்னுட்டாங்க. பரிசு கொடுக்கறவர் வாத்தியாரா இருந்தவரு, படமும் எடுப்பாரு. அவருதான் பாத்துட்டு, 'இது தண்ணி இல்ல. உங்க ஊட்ல ரீடச்சிங் ரொம்ப நல்லா பண்ணுவாங்கன்னு கேள்வி. பென்சிலால வரைஞ்சதுன்னு எழுதிக் குடுங்க, ஓவியத்துல மாட்டறோம்'னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சத்தியமா தண்ணின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால் அந்த வாத்தியார் சொன்னதில் தப்பில்லை. என் கையால் எத்தனை முகங்களை மாற்றியிருக்கிறேன்! இதைக் கண்ணால் பார்க்காதவர் வேறு என்னதான் நினைப்பார்? நான் இதைச் சொன்னபோது அண்ணி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்ப கண்ணால பாக்கட்டும். டின்ன எடுடி. நாளைக்கி காலைல வண்டிக்கு மூணு பேரும் போறோம்."

போனோம். பேட்டரிப் பெட்டி என் வீட்டுக்காரர் தோளில், கழுவுகிற தட்டும் வேட்டியும் சட்டம் போட்ட படமும் என் மடியில், டின் அண்ணியின் பையில். திண்டிவனம் என் ஊர். எத்தனையோ முறை அந்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறேன். அன்று மாதிரி தட்டும் டின்னுமாக இறங்கியதில்லை.

பரிசு கொடுக்கிறவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மரியாதையாகப் பேசினார். "வாங்கம்மா. படம் அழகா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல" என்றார்.

"வரைஞ்சதில்லீங்க. ஒரு இருட்டு அறையும் ஒரு மேசையும் குடுத்தீங்கன்னா இங்கயே காட்டறேன்."

அவர் சிரிக்காமல் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடச் சொன்னார். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பாய்களைத் தொங்கவிட்டோம். உத்தரத்திலிருந்து டின்னைக் கட்டினேன். விஷயம் பரவி, ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் ஆண்கள். நடுவில் நானும் அண்ணியும்.

"எல்லாரும் தட்டையே பாருங்க. கண்ண எடுக்காதீங்க" என்றேன். கதவு சாத்தப்பட்டது.

இருட்டில் சொட்டுச் சத்தம். அதோடு அண்ணியின் கைதட்டல் சேர்ந்தது. யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அண்ணி தாளத்தை விடவில்லை. அழுத்தினேன்.

சிரிப்பு நின்றது. எல்லாருடைய கண்ணுக்குள்ளும் அந்தத் தூண் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

"இன்னொரு தரம்" என்றது ஒரு குரல். அது பரிசு கொடுக்கிறவருடைய குரல்.

மறுபடியும் தூண். மறுபடியும். பிறகு தடவிப் பார்த்து நூலில் முடிச்சுப் போட்டேன். டொக்-டொக் என்று துளிகள் சோடியாக விழ ஆரம்பித்தன. அண்ணி தாளத்தை மாற்றிக்கொண்டார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. ஆரஞ்சு விளக்கு எரிவதற்குக் காத்திருந்தபோது என் உள்ளங்கை வேர்த்து, பொத்தான் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டேன். அண்ணி தட்டினார். அழுத்தினேன்.

குடை விரிந்தது.

அந்த அறையில் எழுந்த சத்தத்தை நான் இதுவரை வேறெங்கும் கேட்டதில்லை. முப்பது நாற்பது ஆண்கள் ஒரே வாயாக "ஆ!" என்றார்கள். யாரோ மேசையில் அடித்தார்கள். தட்டு ஆடித் தண்ணீர் என் காலில் கொட்டியது. கதவைத் திறந்ததும் வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நான் ஒரு தரம் அழுத்தலாமா?"

"தாராளமாங்க."

மறுபடி கதவைச் சாத்தினோம். அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. "தாமதமா அழுத்தறீங்க. என் கைய கேளுங்க சாரு" என்றார் அண்ணி. அவர் கேட்டார். எத்தனையோ தடவைக்குப் பிறகு ஒரு சின்னத் தூண் வந்தது. தன் கல்யாணத்தில்கூட அவர் அப்படிக் குதித்திருக்கமாட்டார்.

படத்தை ஹாலின் நடுச்சுவரில் மாட்டினார்கள். கீழே வைக்கிற சீட்டில் எங்கள் ஸ்டூடியோவின் பெயரை எழுதப்போனார்கள். என் வீட்டுக்காரர் பேனாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் எடுக்கலீங்க" என்று சொல்லி, என் பெயரை எழுதினார். ஒரு நிமிஷம் யோசித்து, பக்கத்தில் தன் அக்காள் பெயரையும் எழுதினார். அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எதுடி என் பேரு, எதுடி?" என்று கேட்டு, காட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். முதல் பரிசு அதற்குத்தான். மேடைக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். ஈரப் புடவையோடு.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி, தோலை உரித்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இவங்கதாங்க அந்தத் தண்ணிப் படம் எடுத்தவங்க." அந்த மனிதருக்கு எந்தத் தண்ணிப் படம் என்று தெரியாது. இருந்தாலும் தலையாட்டினார்.

பிளாட்பாரத்தின் கோடியில், கூரை முடிகிற இடத்தில், ஹாலில் பார்த்த மூன்று நான்கு பேர் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, ஒருவர் மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"தாளம் தப்புது பாரு" என்று சொல்லிவிட்டு, மல்லாட்டையை என் மடியில் கொட்டிவிட்டு, அண்ணி அவர்களை நோக்கி நடந்தார்.